நாலு பேர் பெற்ற கமலவேணி

ஸ்ரீமதி கமலவேணி ஒரு வியாழக்கிழமை முற்பகலில், திருச்சி தெப்பக்குளத்துக்குப் பின்தெருவில் இருந்த 'தேசச்சுடர்' வாரப்பத்திரிகை ஆபீசுக்குள் நடந்து வந்து தன் இடம் எது என்று கேட்டபோது, யாரும் எழுந்து நிற்கவில்லை. பெண்பிள்ளை உள்ளே வந்தால் எழுந்து நிற்கிற வழக்கம் அந்த ஆபீசில் இல்லை. ஆசிரியர் அருணகிரி மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, வந்திருப்பது தாங்கள் நாலு பேருமாகச் சேர்ந்து உண்டாக்கிய பெண்தான் என்று கண்டுகொண்டு, வரவேண்டியவள் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கிறாள் என்கிற குரலில், பிழைதிருத்தும் மேஜைக்கு எதிரில் ஒரு முக்காலி இருக்கிறது, இப்போதைக்கு அதில் உட்காரலாம் என்றார்.

நாடு குடியரசாகி அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. ஆணும் பெண்ணும் சமம் என்று சட்டத்தில் எழுதியாகிவிட்டது, ஓட்டும் கொடுத்தாகிவிட்டது, ஆகவே பத்திரிகை என்று ஒன்று இருந்தால் அதில் ஒரு பெண் எழுதத்தான் வேண்டும் என்று அருணகிரிக்குத் தோன்றியது. தோன்றியதும் அவர் தன் ஆட்களைக் கூப்பிட்டு அந்தப் பெண்ணாக எழுதச் சொன்னார். அதில் புதுமை ஒன்றும் இல்லை. வேறு ஊர்ப் பத்திரிகைகளில் ஆண்கள் தங்கள் மனைவி பெயரைப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். இங்கே நாலு பேருக்கும் தங்கள் வீட்டுப் பெயர் டீக்கடையில் அடிபடுவது பிடிக்காததால், யாருக்கும் மனைவியாக இல்லாத ஒரு பெயரைத் தேடி, கமலவேணி என்று வைத்தார்கள்.

அடுப்பு மூட்டத் தெரியாத மானேஜர் வைத்தியலிங்கம் கமலவேணியாக இருந்து சமையல் குறிப்பு எழுதினார். உதவியாசிரியர் நாகசுந்தரம், புருஷனிடம் எப்போது பேசலாம், எப்போது பேசக்கூடாது என்று கமலவேணியாக யோசனை சொன்னார். இளையவன் தாமோதரன் கமலவேணியாகக் கதை எழுதினான். நாட்டு நடப்பைப் பற்றிப் பெண்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அருணகிரியே எழுதினார். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கிற பழக்கம் இல்லாததால், கமலவேணி சமையல் பக்கத்தில் இரண்டு பிள்ளை பெற்றவளாகவும், யோசனைப் பக்கத்தில் பிள்ளை இல்லாதவளாகவும், தாமோதரன் 'நான்' என்று தன்மையில் எழுதிய தீபாவளி மலர்க் கதையில் புருஷனை இழந்தவளாகவும் இருந்தாள். நேரில் வந்தபோது அவ்வளவும் அவள் உடம்பில் இருந்தது. காலையில் இடுப்பில் பிள்ளை இருக்கிற மாதிரி ஒருக்களித்து நடப்பாள், உச்சிப்பொழுதில் நெற்றிக் குங்குமம் மெல்ல மங்கி மறையும், விளக்கு வைக்கிற நேரத்தில் அது தானே திரும்பி வரும்.

எதிர் மேஜையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் அகிலாண்டம். நாற்பத்திரண்டு போராட்டத்தில் ஆண்கள் எல்லாரும் ஜெயிலுக்குப் போய்விட்ட சமயத்தில், அந்தப் பத்திரிகையின் தலையங்கத்தை எழுதி, எழுத்துக் கோத்து, அச்சடித்த கட்டுகளைக் கீரைக்கூடைக்கு அடியில் வைத்து உறையூர் வரைக்கும் தலையில் சுமந்துபோய்க் கொடுத்தவள் அவள்தான். அப்போது பெயர் போடுவது ஆபத்து என்று போடவில்லை. விடுதலைக்குப் பிறகு பெயர் போடுவது அவசியமில்லை என்று போடவில்லை. ஜெயிலுக்குப் போனவர்கள் மாலையோடு திரும்பி வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அவளுக்கு ஜன்னல் ஓரமாகப் பிழைதிருத்தும் மேஜை கிடைத்தது. தகப்பன் வீட்டில் தனக்கும் பங்கு உண்டு என்று கேட்டு வாசலில் வந்து நிற்கிற ஒரு மகளைப் பற்றி, 'அப்பா வீடு' என்று அவள் எழுதிய நாவல் அருணகிரியின் அலமாரியில் இருந்தது. அதைத் தன் பெயரில் அச்சில் பார்க்கவேண்டும் என்பதைத் தவிர அகிலாண்டத்துக்கு வேறு ஆசை இல்லை. கேட்கும்போதெல்லாம் அருணகிரி கோபப்படாமல், ஒரு பத்திரிகைக்கு ஒரு பெண் போதும், நம்மிடம்தான் ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாளே என்பார். இப்போது அந்த ஒருத்தி எதிரிலேயே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ஊர் கமலவேணியை ஏற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. எங்கிருந்து வந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் வீட்டில் சாப்பிடுகிறாள் என்றுதான் கேட்டார்கள். வாக்காளர் கணக்கெடுக்க வந்தவர் தகப்பன் அல்லது கணவன் பெயர் கேட்டதற்கு அவள் ரசப்பொடி செய்முறை சொன்னதால், அந்த இடத்தில் 'தேசச்சுடர் ஆபீஸ்' என்று எழுதிக்கொண்டு போனார். வைத்தியலிங்கத்தின் மகளுக்கு வளைகாப்பு வந்தபோதுதான் சிக்கல் வந்தது. பிள்ளை பெற்ற சுமங்கலி என்று கூப்பிடுவதா, தீபாவளி மலரில் தாலி அறுத்தவள் என்று விட்டுவிடுவதா என்று பெண்கள் கூடிப் பேசி, கடைசியில் நிலைப்படிக்கு வெளியே ஒரு பலகை போட்டு, உள்ளே வந்த மாதிரியும் இருக்கட்டும், வராத மாதிரியும் இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். கமலவேணி அங்கே உட்கார்ந்து சிரித்த முகமாக இருந்தாள். அவள் முகத்தைப் பற்றி யாரும் வேறுவிதமாக எழுதியிருக்கவில்லை.

அச்சில் வந்ததைத் தவிர அவள் வாயில் வேறு வார்த்தை கிடையாது. அந்த வாரம் தலைவலி என்று நாகசுந்தரம் எழுதினால் அவள் தலையில் பற்றுப் போட்டுக்கொண்டு வருவாள். பட்டுப்புடவை மேல் ஆசை என்று தாமோதரன் எழுதினால் சின்னக்கடைத் தெருவில் போய் நின்றுகொண்டிருப்பாள். இது மற்றவர்களுக்கு வசதியாக இருந்தது. அகிலாண்டம் மட்டும் இதைப் பார்த்துத் தூக்கம் கெட்டாள். கெட்டும், அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கு இரக்கம் வரவில்லை. தன் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் என்றுதான் அவளை மனதில் வைத்திருந்தாள்.

பக்கம் கட்டும்போது விஷயம் நாலு வரி குறைந்துபோனால், உட்கார்ந்து எழுதி நிரப்புவது பிழைதிருத்துகிறவர் வேலை. அந்த வாரம் நாகசுந்தரத்தின் யோசனை இரண்டு வரி குறைந்தது. கட்டிய ஃபாரம் அச்சு மெஷினுக்குப் போகவேண்டிய அவசரத்தில், மாமியாரை மதிப்பது பற்றிய பத்திக்குக் கீழே அகிலாண்டம் வாய்க்கு வந்ததை எழுதிக் கொடுத்தாள்: 'நேற்று நான் தனியாகக் காவிரிக்குப் போய், யாராவது கூப்பிடும்வரை என்று கரையில் உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை.' பத்திரிகை வெளியான அன்றைக்குக் கமலவேணி புடவைக் கரையில் ஈரமணலோடு வந்தாள். முக்காலியில் உட்காராமல் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் கூப்பிடவில்லை என்று அந்த வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, மாங்காய்த் துண்டைச் சப்புகிற குழந்தை மாதிரி அதன் ருசியைப் பார்த்தாள். பிறகு அகிலாண்டத்தின் கைமேல் தன் கையை வைத்தாள். அந்தக் கை எந்தப் பத்தியிலும் இல்லாத அளவுக்குச் சூடாக இருந்தது.

அதிலிருந்து யோசனைப் பக்கம் வாராவாரம் இரண்டு வரி குறைந்தது. குறையாத வாரம் அகிலாண்டமே குறைத்தாள். மழையில் நனைய எனக்குப் பிடிக்கும் என்று ஒரு வாரம் எழுதினாள். சமைக்க எனக்குப் பிடிக்காது என்று ஒரு வாரம் எழுதினாள். அன்றைக்கு வைத்தியலிங்கம் சுண்டைக்காய் வற்றல் பற்றிக் கேட்க, கமலவேணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பகலில் குங்குமம் மறைவதும் வருவதும் நின்று, நெற்றி வெறுமனே, எந்தக் கதையும் சொல்லாமல் இருந்தது. இரண்டு பெண்களும் மதியச் சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச அதிகம் இல்லை. அகிலாண்டம் ஏதாவது கேட்பாள், கமலவேணி தன்னிடம் இருக்கிற வரிகளில் பொருந்துகிறதைத் தேடி எடுத்துச் சொல்வாள். பல வருஷம் கழித்து ஒரு சிநேகிதி கிடைத்திருக்கிறாள் என்பது அகிலாண்டத்துக்குப் புரிந்தபோது, கிடைத்தவள் யாருடைய எழுத்து என்பதும் சேர்ந்தே புரிந்தது.

பெண்களுக்கும் பிதுரார்ஜிதத்தில் பங்கு என்கிற மசோதா டெல்லியில் பேச்சுக்கு வந்த சமயம் அது. ஊர்ப் பெரியவர்கள் அருணகிரியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரம் கமலவேணி பெயரில், 'எங்களுக்கு வேண்டாம் அந்தப் பங்கு' என்று முழுப்பக்கம் வந்தது. இரண்டு வரி நுழைக்க இடமில்லாமல் அருணகிரி பக்கத்தைக் கெட்டியாகக் கட்டியிருந்தார். மாதர் கூட்டத்தில் கமலவேணி எழுந்து, அண்ணன் தம்பி அன்பைக் காணி நிலத்துக்கு விற்கமாட்டோம் என்று வரி பிசகாமல் சொன்னாள். ஒரு பெண்ணே சொல்லிவிட்டாள் என்று கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் சொன்னார், மறுநாள் வக்கீல்கள் சொன்னார்கள், அதற்கு மறுநாள், பங்கு கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெண்களிடம் அவர்களுடைய அண்ணன்மார் சொன்னார்கள். கமலவேணி ஆபீசுக்கு வந்து, சொன்ன வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் பாகற்காய்ப் பிட்லை பற்றிய குறிப்புக்குக் கீழே, வேறு எழுத்துக் கிடைக்காமல் கொஞ்சம் தடிமனான எழுத்தில், இந்த வரிகள் இருந்தன: 'போன வாரம் நான் சொன்னதாக வந்ததை என்னைக் கேட்டு யாரும் எழுதவில்லை. எனக்குப் பங்கு வேண்டும்.'

காலையில் பத்திரிகை வந்தது. மத்தியானத்துக்குள் கமலவேணி பெரிய கடைவீதி முழுக்க நடந்து, கடை கடையாக நின்று, அதைச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அருணகிரி சத்தம் போடவில்லை. அகிலாண்டத்தைக் கூப்பிட்டு, தான் ஜெயிலிலிருந்து வந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக எதிரில் உட்காரச் சொன்னார். அலமாரியிலிருந்து 'அப்பா வீட்டை' எடுத்துத் தூசி தட்டி மேஜைமேல் வைத்தார்.

"ஏம்மா அகிலாண்டம், நானும் யோசிச்சுப் பார்த்தேன். இதைப் போட்டுரலாம். ரெண்டு வழி இருக்கு. கமலவேணி பேர்ல போட்டா அவ இருப்பா, நீயே அவளா எழுது, இனிமே எங்க நாலு பேருக்கும் அதுல வேலை கிடையாது. உன் பேர்லதான் வரணும்னா, ஒரு பத்திரிகைக்கு ரெண்டு பொம்பளை தாங்காது. இந்த இதழ்லேயே அவ காலமாயிட்டான்னு கட்டம் கட்டிப் போட்டு முடிச்சுக்குவோம்."

"போட்டா அவ செத்துருவாங்கய்யா."

"அச்சுல வந்தாத்தானே. அதை மெய்ப்புப் பார்க்கப் போறவ நீதானே."

அன்று சாயந்திரம் இரண்டு பெண்களும் காவிரிக்குப் போனார்கள். ஓடத்துறையில் தண்ணீர் குறைவாக ஓடிக்கொண்டிருந்தது. ஜெயிலில் இருந்தவர்களுக்காகப் பெயரில்லாமல் தலையங்கம் எழுதியதையும், இன்னொரு பெயரில் இனி எழுத முடியாது என்பதையும், அப்படிச் சொல்வதற்குத் தனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதையும் அகிலாண்டம் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு, நான் என்ன செய்யட்டும், நீயே சொல் என்று கேட்டாள். கமலவேணி தன்னிடம் இருந்த அவ்வளவையும் துழாவினாள். ஊறுகாய்க்கு உப்புச் சேர்க்கிற பக்குவத்தைத் தாண்டி, கணவனின் சட்டையில் கறை போக்குகிற வழியைத் தாண்டி, எங்கேயோ ஒரு மூலையில் ஒன்றைக் கண்டெடுத்தாள்.

"விருந்தினர் புறப்படும்போது கையைப் பிடித்துத் தடுப்பது அழகல்ல" என்றாள்.

அது நாகசுந்தரம் எழுதியது. அதைத் தன்னை விட்டுவிடச் சொல்கிற வார்த்தையாக எடுத்துக்கொள்வதா, கிடைத்த வரியைச் சொன்னாள் என்று எடுத்துக்கொள்வதா என்பது அகிலாண்டத்துக்குத் தெரியவில்லை. தனக்கு எது வேண்டுமோ அப்படி எடுத்துக்கொண்டாள் என்பது மட்டும் பின்னால் தெரிந்தது.

கறுப்புக் கட்டத்துக்குள் நாலு வரியும், அதே பக்கத்தில் 'அப்பா வீடு, அத்தியாயம் ஒன்று, எழுதுபவர்: அகிலாண்டம்' என்றும் வந்த இதழை, எந்தப் பிழையும் இல்லாமல் அவளே திருத்திக் கொடுத்தாள். இதழ் வெளியான காலையில் கமலவேணி வழக்கமான நேரத்துக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தாள். மெஷின் ஓடுகிற சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. அகிலாண்டம் எதிரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைகள் அடைத்தார்கள். வளைகாப்பில் நிலைப்படிக்கு வெளியே உட்காரவைத்த பெண்களே வந்து மாரடித்து அழுதார்கள். கொள்ளி வைப்பது யார் என்ற பேச்சு வந்தபோது, பிள்ளையா புருஷனா தகப்பனா என்று நாலு ஆண்களையும் கேட்டார்கள். நான் வைக்கிறேன் என்று அகிலாண்டம் சொன்னாள். பெண்கள் சுடுகாட்டுக்கு வருகிற வழக்கம் இல்லை என்று தெருமுனையிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். ஓயாமரி மயானத்தில் நாலு பேரும் ஒரே கொள்ளியில் கை வைத்தார்கள். அங்கேதான் தாமோதரன் உடைந்துபோய், இவள் தாலியை நான்தான் அறுத்தேன், சமையல் வைத்தி அண்ணன், புத்திமதி நாகு, அரசியல் ஐயா என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லி அழுதான்.

அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஊர் ஒரு பாடம் கற்றுக்கொண்டது: பத்திரிகையில் பெண் பெயர் இருந்தால் உள்ளே இருப்பது ஆண். இனி ஏமாறுவதில்லை என்று எல்லாரும் உறுதியாக இருந்தார்கள். 'அப்பா வீடு' வாராவாரம் வந்தது. அதற்காகவே பத்திரிகை கூடுதலாக விற்றது. இந்த அகிலாண்டம் யார், என்ன உத்தியோகம், எந்த ஊர்க்காரர் என்று விசாரித்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். நான்தான் என்று அவள் சொன்னால், சரி அம்மா, அவர் வந்ததும் சொல்லுங்கள் என்று வெளியே காத்திருந்தார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவான அவள் புருஷன் சபாபதியைத் தெருவில் நிறுத்திக் கைகுலுக்கினார்கள். முதலில் அவர், ஐயையோ நான் இல்லை, என் சம்சாரம் என்றார். எவ்வளவு அடக்கம் என்று பாராட்டினார்கள். போகப்போக அவர் வெறுமனே சிரித்தார். ஆனால் அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று கேட்டால் அவர் விழித்ததால், இவர் இல்லை, வேறு ஒருவர் இருக்கிறார் என்று ஊர் தீர்மானித்தது. அகிலாண்டம் என்பது ஆணுக்கும் வைக்கிற பெயர்தானே என்று ஒருவர் சொன்னார். நல்ல உயரமாக இருப்பார் என்று ஒருவர் சொன்னார். ஜெயிலுக்குப் போயிருப்பார், எழுத்தில் தெரிகிறது என்று ஒருவர் சொன்னார்.

அவர் ஒரு திங்கட்கிழமை வந்தார். நல்ல உயரம், கதர் ஜிப்பா, காதோரம் நரை, கணுக்காலில் விலங்குத் தழும்பு. நான் அகிலாண்டம் என்றார். அருணகிரி, நாகசுந்தரம், தாமோதரன், மானேஜர் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நாற்காலி வந்தது, காபி வந்தது, மின்விசிறி அவர் பக்கம் திரும்பியது. யார் வீட்டில் சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் முதல் அத்தியாயத்திலிருந்து மனப்பாடமாகச் சொன்னார். அகிலாண்டம் வருஷக்கணக்காகத் தேடித் திருத்திய ஒவ்வொரு சொல்லும் அந்தத் தொண்டையில் கம்பீரமாக ஒலித்தது. அச்சில் வந்த இடம் வரைக்கும் வந்ததும் நிறுத்தி, மரியாதையாக அவளைப் பார்த்து, மேலே என்ன என்பதுபோல் காத்திருந்தார்.

அவரிடமும் வேறு வார்த்தை கிடையாது என்பது அவளுக்கு உடனே புரிந்தது. கறுப்புக் கட்டம் தேவையில்லை. மிச்சமிருக்கும் அத்தியாயங்களைக் கொடுக்காமல் இருந்தாலே போதும், சில வாரங்களில் அவர் மெலிந்து, சுவரில் தலையைச் சாய்த்துவிடுவார். நாவலில் மகள் அப்போது வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். இன்னும் உள்ளே போகவில்லை. அகிலாண்டம் வீட்டுக்கு வந்து, உலையில் அரிசி போட்டாள், சாதம் வடித்தாள், கையெழுத்துப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு கைவலிக்கிற மாதிரி அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்த மகளை வாசலிலேயே நிறுத்திவிட்டால் அந்த மனிதர் போய்விடுவார். இவளும் போய்விடுவாள். ஒருத்தியை ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. மறுநாள் காலையில் மிச்சம் எல்லாவற்றையும் அச்சுக்கோப்பவரிடம் கொடுத்தாள்.

கடைசி அத்தியாயம் வருவதற்கு முந்தின வாரம், டவுன்ஹால் மைதானத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். பெண்களுக்கு ஓரமாக ஜமக்காளம் விரித்திருந்தது. அகிலாண்டம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சால்வை போட்டார்கள். அவர் ஒலிபெருக்கி முன்னால் நின்று, மகள் படியேறி உள்ளே போய், கூடத்தில் அண்ணன்களுக்கு எதிரில் உட்கார்ந்து, இது என் வீடும்தான் என்று சொல்லும் இடத்தை வாசித்தார். ஆண்கள் பக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள்.  தென்னூரிலிருந்து வந்தவள் ஒருத்தி, அடுத்த மாதம் தானும் ஒரு வக்கீலைப் பார்க்கப்போவதாகப் பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் அகிலாண்டத்தின் தோளைத் தொட்டாள்.

"பார்த்தீங்களாக்கா, ஆம்பளையாப் பொறந்து நம்ம மனசுக்குள்ள பூந்து எழுதிருக்காரு. இதை ஒரு பொம்பளை எழுத முடியுமா?"

அகிலாண்டம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, அவளுடைய தூங்குகிற குழந்தையின் கால் ஜமக்காளத்துக்கு வெளியே மண்ணில் கிடப்பதைப் பார்த்து, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.